மண்ணரைக் கிணற்றில் ஊறிய கோராத் துணி

இந்த வலைப்பூவில் நான் எழுதிய பயணங்களிலேயே இதுதான் மிகச் சின்னது. பொங்கலூரிலிருந்து பல்லடம், பல்லடத்திலிருந்து திருப்பூர், அங்கிருந்து மண்ணரை. எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். பத்ரிநாத் கட்டுரையைப் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள் "இதுக்கெல்லாம் ஒரு பதிவா?" என்று முகம் சுளிக்கலாம். தாராளமாகச் சுளித்துக்கொள்ளுங்கள். மலை ஏறி இறங்கியதில் எனக்கு முழங்கால் வலி மட்டும்தான் மிச்சம். இந்த முப்பது கிலோமீட்டரை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

அறுபதுகளின் கடைசி. சித்திரை மாதம். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, தோட்டத்து வேலைக்கும் வணங்காமல் பட்டணத்து வேலையும் கிடைக்காமல் நான் சுற்றிக்கொண்டிருந்த காலம். மண்ணரையில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா சரசுவின் மகள் வள்ளிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். பந்தல் வேலைக்கு ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் சொந்தக்காரர்களும் விசேஷத்தன்று காலையில் வருவதாக ஏற்பாடு.

இந்த விசேஷம் எங்களுக்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு வள்ளிக்கு முன்னால் ஒரு பையன் இருந்தான். ஒரு கோடையில் வாந்திபேதி வந்து ஒரே நாளில் போய்விட்டான். காலையில் என் சட்டைப் பையைப் பிடித்து இழுத்து விளையாடியவனை மறுநாள் நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம். அதற்குப் பிறகு பிறந்தவள் வள்ளி. அவள் தும்மினால்கூட அக்கா அன்று ராத்திரி கண்மூட மாட்டாள்.

பொங்கலூரில் காலை ஏழு மணி வாக்கில் பஸ். டிக்கெட் எவ்வளவு என்று நினைவில்லை, காசுக் கணக்கில் இருந்தது என்பது மட்டும் நிச்சயம். கையில் ஒரு வாழைத்தார், மடியில் விருந்துக்கு ஒரு சேவல். "ஏனுங்க, சேவலுக்கு ஜன்னல் சீட்டு வேணுமுங்களா?" என்று கண்டக்டர் கேட்டதும் பஸ்ஸே சிரித்தது. பல்லடத்தில் இறங்கி, ஒரு டீ குடித்து, அடுத்த பஸ். பத்தரைக்குள் திருப்பூர் வந்தாயிற்று.

அப்போது திருப்பூருக்குள் நுழைவதை மூக்கே சொல்லிவிடும். பனியன் துணியை வெளுக்கும் பிளீச்சிங் பவுடரின் காரமான வாடை. காலி இடங்களில் எல்லாம் வெள்ளை வெளேரென்று துணி காயும். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு குதிரை வண்டி பிடித்தேன். வண்டிக்காரர் வயதானவர்.

"மண்ணரையில யாரூட்டுக்குங் கண்ணு?"

மச்சான் வேலுச்சாமியின் பெயரைச் சொன்னேன்.

"அந்த வீதிங்களா? தண்ணி மட்டும் பாத்துக் குடி கண்ணு. கெணத்துல பிளீச்சிங் பவுடரக் கொட்டிப்போட்டாங்களாமா. கோராத் துணி வெளுக்கறதக் கொண்டாந்து மனுசங் குடிக்கற தண்ணியில போடுவாங்களா?"

கேட்டதும் எனக்கும் பகீர் என்றது. பனியன் மிஷினிலிருந்து இறங்கும் துணி பழுப்பு மஞ்சளாக இருக்கும். அதுதான் கோரா. அதைத் தொட்டியில் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் வெளுப்பார்கள். அந்தக் காரத்தை மனிதர் குடிப்பதா?

வீட்டுக்குப் போனால் அக்கா ஆற்றுத் தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். ஊர்க் கிணறு வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதை விட்டுவிட்டு வீதியே நொய்யல் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சொம்பால் மொண்டு, குடம் சுமந்துகொண்டிருந்தது. காதுகுத்து விருந்துக்கும் வண்டி வைத்து ஊற்றுத் தண்ணீரே கொண்டுவருவதாகத் திட்டம். அந்த ஊற்றுக்குக் கொஞ்சம் மேலேதான் கரையோரம் ஆட்கள் காலையில் ஒதுங்குவார்கள். அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

மச்சான் பிளீச்சிங் பட்டறையில் வேலை பார்த்தவர். மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் கேட்டேன். அவர் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். விரலிடுக்கெல்லாம் வெடித்து, நகம் மஞ்சளாகி, உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

"இந்தப் பவுடர் எங் கையவே தின்னுபோடுச்சு மாப்ள. எம்புள்ள கொடல விட்டு வெக்குமா?"

அந்த வீதியில் முக்கால்வாசிப் பேருக்குப் பட்டறை வேலைதான். பவுடரின் குணம் ஊரில் மற்ற எவரையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே அவர்களுக்குப் பயமும் அதிகம்.

மறுநாள் காலையில் கடைசி வீட்டுக்காரர் சின்னானுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. கட்டிலோடு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அக்கா வள்ளியை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தவள், சோறாக்கக்கூட எழுந்திருக்கவில்லை. "மறுபடியுமா தம்பி?" என்று மட்டும் என்னைக் கேட்டாள்.

ஒன்பது மணிக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். பெயர் சூசை. திருநெல்வேலிச் சீமைக்காரர், குரல் பெரிது. ஊருக்குள் காலரா வருகிறது என்று கேள்விப்பட்டதும் யாரையும் கேட்காமல் விடியற்காலையில் கிணற்றில் மருந்தைப் போட்டுவிட்டுப் போனவர் இவர்தான். வேலை சரி, செய்த விதம் சரியில்லை. வீதி அவரைச் சூழ்ந்துகொண்டது.

"நான் என்ன வெசத்தையா போடுதேன்? ஒங்க புள்ளைய உசுருக்குத்தானய்யா போடுதேன்! நீங்க ஆத்துல அள்ளுதீங்களே, அதுலதான் நோவே இருக்கு!"

மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கோபத்திலும் மரியாதை குறையாத மனிதர்.

"சத்தம் போடாதீங்க சார். எவ்வளவு பவுடருங்க போட்டீங்க?"

சூசை பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக் காட்டினார். இத்தனை குடம் தண்ணீருக்கு இத்தனை கரண்டி என்று கிணற்றின் ஆழத்தை வைத்துக் கணக்குச் சொன்னார். மச்சான் நம்பவில்லை. பட்டறையில் அவர்கள் பவுடரை அள்ளுவது வாளியில்.

"அப்படியா சொல்றீங்க? சரிங்க. எங்க கண்ணு முன்னால இன்னொருக்கா போடுங்க. நான் ஒரு கோராத் துணி கொண்டாறேன். அதக் கெணத்துல கட்டித் தொங்க விடலாம். நாளைக்குக் காலையில எடுத்துப் பாக்கலாம். ஓரத்துல ஒரு நூல் வெளுத்திருந்தாலும் நீங்க இந்த வீதிப்பக்கம் சைக்கிள் உடக்கூடாது. வெளுக்கலீன்னா மொதல் டம்ளர் நாங் குடிக்கறனுங்க."

வீதி முழுக்க "அதாங்க நாயம்!" என்றது. துணியைக் கேட்டு முடிவு செய்வது என்பது பனியன்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. சூசைக்கும் வேறு வழியில்லை. வாளியில் பவுடரைக் குழைத்தார். தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை காத்திருந்தார். மேலே தெளிந்ததை வேறு வாளியில் இறுத்து, கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கி மேலும் கீழும் ஆட்டிக் கலந்தார். மச்சான் கொண்டுவந்த பழுப்புத் துணியைப் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியைக் கல் கட்டிக் கிணற்றில் விட்டார்கள். மறுபாதி ஒப்பிட்டுப் பார்க்க அக்காவிடம் இருந்தது.

சைக்கிளை எடுக்கும்போது சூசை என் தோளைத் தொட்டு மெதுவாகக் கேட்டார். "வெளுத்துராதுல்லா தம்பி?" கரண்டிக் கணக்கு அவருக்குத் தெரியும், கோராத் துணியைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று முழுக்க வீட்டில் ஆற்றுத் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ அப்படியே குடிக்க வேண்டாம் என்றாகி, சூசை சொல்லிவிட்டுப் போனபடி அக்கா குடத்திலிருந்த ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, வள்ளிக்குச் சங்கில் புகட்டினாள். நான் கொண்டு வந்த வாழைப்பழத்தைத் தின்றே பசியாறினோம்.

மறுநாள் விடிந்ததும் கிணற்றடியில் திருவிழாக் கூட்டம். மண்ணரையின் மற்ற வீதிகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். சூசை எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றிருந்தார். மச்சான் கயிற்றை இழுத்தார். துணி மேலே வந்தது. பிழிந்து உதறி, அக்காவிடமிருந்த மறுபாதியின் பக்கத்தில் வைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். ஓரத்தைப் பார்த்தார், மடிப்பைப் பார்த்தார், நூலைப் பிரித்தும் பார்த்தார். பட்டறையில் பீஸ் செக் பண்ணும் அதே கண்.

இரண்டு பாதியும் ஒரே பழுப்பு!

"ஒரு கைக்குட்டை வெளுக்கறதுக்குக்கூட இந்தப் பவுடரு பத்தாதுங்க!" என்று மச்சான் கத்தினார். தோற்ற மனிதர் இவ்வளவு சந்தோஷமாகக் கத்தி நான் பார்த்ததில்லை. சொன்ன சொல் மாறாமல் முதல் டம்ளரை மடமடவென்று குடித்தார். முகத்தைக் கொஞ்சம் கோணினார். "வாடை அடிக்குதுங்க. ஆனா தண்ணி தண்ணிதானுங்க." சூசை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றார். விழுந்திருக்கட்டும்.

ஆனால் அந்தக் காலையை முடித்து வைத்தவள் என் அக்கா. விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். ஆற்றுத் தண்ணீர் நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவீதியில் கவிழ்த்தாள். காலிக் குடத்தோடு நேராகக் கிணற்றடிக்குப் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குடம் கவிழ்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு இணையான நாதஸ்வரத்தை எந்தக் கல்யாணத்திலும் நான் கேட்டதில்லை.

காதுகுத்து குறித்த நாளில் நடந்தது. விருந்து முழுக்கக் கிணற்றுத் தண்ணீரில்தான். ரசத்தில் பனியன் வாசம் வருகிறது என்று என் பெரியப்பா இலை முன்னால் உட்கார்ந்து முணுமுணுத்தார், முணுமுணுத்துக்கொண்டே மூன்று முறை ரசம் கேட்டார். சூசையும் வந்து சாப்பிட்டார். என் மடியில் வள்ளி வீறிட்டு அழுத அழுகையில் பந்தல் அதிர்ந்தது. நன்றாக அழட்டும் என்று அக்கா சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து சின்னான் எலும்பும் தோலுமாக, ஆனால் நடந்தே, வீடு வந்து சேர்ந்தார். அந்தக் கோடையில் அந்த வீதியிலிருந்து ஒரு குழந்தைகூடப் போகவில்லை. ஒன்றுகூட!

அதற்குப் பிறகு மருந்து போடுவதில் சூசைக்கு மச்சான்தான் கூட்டாளி. மருந்து போடும் நாளில் இன்ஸ்பெக்டர் வரத் தாமதமானால் "ஏனுங்க சார், எங்களை மறந்துட்டீங்களா?" என்று தேடிக்கொண்டே போய்விடுவார். கோராத் துணிச் சோதனையை வேலம்பாளையம் வரைக்கும் ஆட்கள் கேட்டு வாங்கிச் செய்ததாகக் கேள்வி. எனக்கு மச்சான் வாங்கிக்கொடுத்த பனியன் கம்பெனி வேலையில் நான் நீடிக்கவில்லை, அது வேறு கதை.

பொதுச் சுகாதாரம் என்பது தோற்றால்தான் பேசப்படுகிற வேலை. ஜெயித்தால் அங்கே நடக்காத சாவுதான் மிச்சம், அதற்கு யாரும் மாலை போடுவதில்லை. நான் போடுகிறேன். இந்தப் பதிவு சூசைக்கும், கரண்டிக்கும், முரண்டு பிடித்தாலும் நியாயமாகச் சோதித்துப் பார்த்த என் மச்சானுக்கும்.

போக விரும்புகிறவர்களுக்கு: பல்லடத்திலிருந்து திருப்பூருக்கு இப்போது அடிக்கடி பஸ் இருக்கிறது. தூரம் பதினைந்து கிலோமீட்டர்தான், நெரிசலுக்கு முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து ஊத்துக்குளி ரோட்டில் மண்ணரை, ஆட்டோவில் ஏறுமுன் கட்டணம் பேசிவிடுங்கள். பனியன் வாங்குகிறவர்கள் காதர்பேட்டைக்குக் காலையிலேயே போங்கள். சித்திரை வெயிலில் பகலில் நடக்காதீர்கள். எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீரைக் குடிப்பதற்கு முன்னால் அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

போன மாதம் நானும் போயிருந்தேன். அக்காவும் மச்சானும் இன்று இல்லை. வள்ளி அதே வீதியில் மாடி வீடு கட்டியிருக்கிறாள். எனக்குத் தண்ணீர் கொடுக்கக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்தவள், மோந்து பார்த்துவிட்டு அப்படியே கீழே கொட்டினாள். "இருங்க மாமா" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் திறந்துவிடுகிறவருக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, மண்ணரையிலிருந்து பேசறனுங்க. இன்னைக்கு உட்ட தண்ணியில மருந்து வாடையே வரலீங்க. கொழந்தைக குடிக்கற தண்ணிங்க. இதை எப்படிங்க நம்பிக் குடிக்கறது?"

அன்று என் மடியில் உட்கார்ந்து குத்திக்கொண்ட காதில்தான் அந்தப் போனை வைத்திருந்தாள்.