மூன்றாம் வரியில் தாழும் பாட்டு

"மூன்றாம் வரியில் சுருதி இறங்குகிறது. இந்த முறையும்." என் இசைக் கொப்பியில், போன செவ்வாய்க்கிழமைப் பாடத்தின் கீழே ஆசிரியை எழுதிய குறிப்பு இது. பலெர்மோவில் பெரியவர்களுக்கான இசைப் பள்ளி ஒன்றில் பாட்டு எழுதவும் பாடவும் படிக்கிறேன். லிபெர்த்தா வீதியில் என் எசமானி சிஞ்ஞோராவின் வீட்டு வேலை முடிந்ததும் நேரே வகுப்புக்குத்தான்.

அன்று நான் எழுதிப் பாடிய பாட்டை ஆசிரியை பழைய கசெற்றில் பதிந்து போட்டுக்காட்டினார். பாதியில் பற்றரி இறங்கி, என் குரல் கனத்துத் தாழ்ந்தது. எனக்கு ஊரில் கேட்ட கசெற் ஞாபகம் வந்தது.

யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் இல்லாத வருடங்கள். எனக்கு எட்டு வயது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் கசெற் கேட்போம். சுற்றுவது சின்னமாமா. அவர் கை சோர்ந்தால் பாட்டும் தாழும்.

"மாமா, பாடுறவருக்குத் தடிமனோ, மூக்கடைச்சிட்டுதோ?"

"ஓமடி. நீ வந்து சுத்து, சுகமாகும்."

ஒரு பின்னேரம் மூன்றாம் வரியில் பாட்டு தாழ்ந்தது. நான் கைதட்டிச் சிரித்தேன். மாமா எழும்பி, "இஞ்சை இரு, வாறன்" என்று வாசல் படலைக்குப் போனார். சில்லு தானாகக் கொஞ்சம் சுற்றியது. பாட்டு முனகலாகி நின்றது. மாமா இன்றுவரை திரும்பி வரவேயில்லை.

ஆசிரியை திருத்தச் சொன்ன மூன்றாம் வரியை நான் இன்னும் திருத்தவில்லை.

அன்று படலையில் பழக்கமான குரல் ஒன்று மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்கிறா அம்மா. ஒருவரும் கூப்பிடவில்லை என்கிறா அக்கா. எனக்குப் பாட்டு மட்டுமே கேட்டது. எது உண்மை என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.