பெண்வீட்டார் முன்னால் அடித்த விசில்

என் தாய்மாமா பட்டாளக்காரர். ஆனால் அவர் கையில் துப்பாக்கியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் பட்டாளத்து பேண்டு வாத்தியக் குழுவில் இருந்தார். எங்கள் சந்துப் பையன்கள், “உங்க மாமா எத்தனை பேரைச் சுட்டாரு?” என்று கேட்பார்கள். நான் வாய் திறந்து பேசாத பிள்ளை. கையில் எத்தனை விரல் வருகிறதோ அத்தனையைக் காட்டிவிட்டு வீட்டுக்குள் ஓடிவிடுவேன். அப்படி நான் காட்டிய விரல்களைக் கூட்டினால் மாமா ஒரு சிறிய யுத்தத்தையே நடத்தி முடித்திருப்பார்.

சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் ஓர் இரும்புச் சாமான் கடையின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். பலகை அடைத்த இரண்டு அறைகள். சனிக்கிழமை மத்தியானம் மாமா முகாமிலிருந்து பஸ் ஏறி வருவார். கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் காலணி, பையில் எனக்காகப் பட்டாளத்துப் பிஸ்கட். பல் உடைந்துவிடும் போலிருக்கும். தேநீரில் ஊற வைத்துத்தான் தின்ன வேண்டும். ஞாயிறு மாலை திரும்பிவிடுவார். அந்த ஒன்றரை நாளும் நான் அவர் முதுகுக்குப் பின்னாலேயே திரிவேன்.

அவர் ஊதும் பியூகிள் என்ற பித்தளைக் கொம்பை வெளியே கொண்டுபோக முகாமில் விடமாட்டார்கள். வாய் வைத்து ஊதும் சின்னப் பித்தளைத் துண்டை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். சமையலறை மூலையில் நின்று அதை வண்டு மாதிரி ஊதிக்கொண்டிருப்பார். அம்மா சத்தம் போட்டால், “ரெண்டு நாள் விட்டா உதடு மறந்துடும் லா அக்கா” என்பார். அந்த வண்டுச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே எனக்கு விசில் வந்தது. எழுப்புகிற ஊதல், சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற ஊதல் இரண்டையும் அப்படியே அடிப்பேன். பேசாத பிள்ளைக்கு அதுதான் பேச்சு.

மூன்றாவதாக ஒன்றும் தெரியும். பட்டாளக்காரர் யாராவது இறந்தால் கல்லறையில் ஊதுவது. ஒருமுறை மாமா ஊதுவதைக் காட்ட அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். மதில் ஓரமாக நின்றோம். குழியைச் சுற்றி நிறையப் பேர் இருந்தார்கள். யாரைப் புதைத்தார்கள், யார் அழுதார்கள் என்று நான் பார்க்கவில்லை. தனியாக ஒரு மரத்தடியில் விறைத்து நின்ற மாமாவைத்தான் பார்த்தேன். அந்த ஊதல் ஒரே தடவையில் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மறுவாரம் வீட்டில் அதை அடித்தபோது மாமா என் வாயைப் பொத்தினார். “இது மட்டும் வீட்டுக்குள்ள வேணாம்டா. செத்தவங்களுக்கு ஊதறது” என்றார். ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த வருடமே மாமாவுக்குப் பெண் பேசினார்கள். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே அப்பாவிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார்: “கல்யாணமானா கேம்ப்லயே வீடு குடுப்பாங்களாம். அப்புறம் நம்ம வீட்டு வாசப்படி இவனுக்கு எதுக்கு?” அம்மாவுக்கு அது சந்தோஷம். எனக்கு அன்று இரண்டு வேளை சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும், பெண்ணின் அப்பாவும் அம்மாவும் அத்தையும் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். கீழ்க்கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் அப்பா இரண்டு நாற்காலிகள் இரவல் வாங்கி வைத்திருந்தார். அம்மா கேசரி கிண்டியிருந்தார். மாமா காக்கி போடவில்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அந்த வாரம் பித்தளைத் துண்டையும் கொண்டு வரவில்லை. யாரோ ஒரு பெண்ணுக்காக அதற்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டாரே என்று எனக்குப் பொருமலாக இருந்தது.

பெண்ணின் அம்மா ஒல்லியாக இருந்தார். அதிகம் பேசவில்லை. மாமாவின் முகத்தைப் பார்க்காமல், ஊதி ஊதித் தழும்பேறியிருந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பாதான் கலகலப்பானவர். கதவோரம் நின்ற என்னைப் பிடித்து இழுத்து மடியருகே நிறுத்திக்கொண்டார்.

“பேரென்ன தம்பி? என்ன, வாய்க்குள்ள கொழுக்கட்டையா?”

“அவனுக்குப் பேச்சுக்குத்தான் பஞ்சம்” என்றார் அப்பா. “விசிலுன்னா நிறுத்த மாட்டான். மச்சான் ஊதறதெல்லாம் இவனுக்கு மனப்பாடம். டேய், அந்தச் சாப்பாட்டு விசிலை அடிடா.”

“இப்ப வேணாம் அத்தான், விடுங்க” என்றார் மாமா.

“அடிக்கட்டும் லா தம்பி. நாங்களும் சாப்பிடத்தானே வந்திருக்கோம்” என்று பெண்ணின் அப்பா சிரித்தார். அத்தையும் சிரித்தார்.

நான் உதட்டைக் குவித்தேன். கல்லறை ஊதலை ஆரம்பித்தேன்.

அபசகுனம் என்று எழுந்து போய்விடுவார்கள், மாமா நம் வீட்டிலேயே இருப்பார். என் கணக்கு அவ்வளவுதான். முதல் இரண்டு சுரத்திலேயே மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அப்பாவுக்கு முதலில் புரியவில்லை; தலையைக்கூட ஆட்டிக்கொண்டிருந்தார். மேலே போய் நிற்கிற அந்த நீண்ட சுரத்தையும் பிடித்து, இறங்கி, கடைசிவரை அடித்து முடித்தேன்.

பெண்ணின் அம்மா கேசரித் தட்டைத் தரையில் வைத்தார். கரண்டி தட்டில் மோதிச் சத்தம் கேட்டது.

“நான்தான் சொல்லிக் குடுத்தேன்மா” என்றார் மாமா அவசரமாக. “பிள்ளைக்கு அது எதுக்குன்னு தெரியாது. தப்பு என்னோடது.”

பெண்ணின் அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. “உங்க மேல ஒரு குறையும் இல்ல தம்பி. மனச தேத்திக்கிட்டுத்தான் வந்தேன். இன்னைக்கு இத கேட்டதும், என் புள்ளைய மறுபடியும் குழிக்குள்ள இறக்கின மாதிரி இருக்கு. வீட்டுக்குள்ள உங்கள பாக்கறப்பல்லாம் எனக்கு இதுதான் கேக்கும்” என்றார். பிறகு எழுந்து படி இறங்கிவிட்டார். அவர் கணவரும் அத்தையும் எங்களைப் பார்த்துக் கை கூப்பிவிட்டுப் பின்னாலேயே போனார்கள்.

நான் மதிலோரம் நின்று பார்த்த அந்த அடக்கம் அவருடைய மூத்த மகனுடையது. பட்டாளத்தில் இருந்தவன், மலாயாவில் லாரி கவிழ்ந்து போய்விட்டான். அன்று ஊதும்போது மேல் சுரத்தில் மாமாவுக்கு மூச்சு ஒரு கணம் தடுமாறியிருக்கிறது. அதற்காக பேண்டு அதிகாரியிடம் அவர் திட்டு வாங்கினார். ஆனால் குழியருகே நின்ற தாய்க்கு அந்தத் தடுமாற்றம் கேட்டிருக்கிறது. முன்பின் தெரியாத என் பிள்ளைக்காகக் கலங்கினானே, நல்ல மனசுக்காரன், இவனுக்குப் பெண்ணைக் கொடுக்கலாம் என்று அவர்தான் ஆளனுப்பி விசாரித்தாராம். பியூகிள் சம்பந்தப்பட்ட எதுவும் வீடு பார்க்க வரும் நாளில் கண்ணில் பட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் வெகு காலம் கழித்து அம்மா எனக்குச் சொன்னார்.

அன்று யாரும் என்னை அடிக்கவில்லை. “பச்சப் புள்ளைக்கு என்ன தெரியும்” என்று அம்மா என்னை அணைத்துக்கொண்டு அழுதார். நான் தெரியாத பிள்ளையாகவே நின்றேன். அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, சர்க்கரை திருடினேன், பொய் சொன்னேன், தங்கையைக் கிள்ளினேன் என்று சாமியாரிடம் வரிசையாகச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. பிறகு எத்தனையோ தடவை அந்தக் கம்பி வலைக்கு முன்னால் முழங்காலிட்டிருக்கிறேன். அப்போதும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாமா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கல்யாணமானால் எங்கள் வீட்டுக்கு வரமாட்டார் என்று பயந்தேன். ஆகாமலே அவர் வருவது குறைந்துபோனது. மாதத்துக்கு ஒருமுறை, பிறகு கிறிஸ்துமசுக்கு மட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருப்பதால் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அந்த ஞாயிறு மாலையும் வழக்கம்போல மாமாவின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். பஸ் தூரத்தில் வருவது தெரிந்ததும் என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார்.

“எங்கேயும் மூச்சு வாங்கலியேடா நீ” என்றார். “அந்த மேல் சுரத்துல அன்னைக்கு நான்கூடத் தடுமாறிட்டேன். நீ கொஞ்சங்கூட ஆடாம நின்னே.”

அதுவரை மாமா என் விசிலை நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். பஸ் வந்து நின்று, ஆட்கள் ஏறி முடித்து, கண்டக்டர் கூப்பிட்ட பிறகும், மாமா எழுந்திருக்காமல் என் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.