தண்ணீர் கொடுத்த நீதிபதி

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் அகதிகளுக்கு மேல்முறையீட்டு அனுமதி மனு எழுதித் தரும் மோரீனுக்குப் பத்தொன்பது வருடமாக ஒரே வேலை, மனுவிலிருந்து அழுகையை வெட்டுவது. புகலிடம் மறுத்த நீதிபதி சட்டத்தில் எங்கே தவறினார் என்பதைத் தவிர மேல் தீர்ப்பாயத்துக்கு எதுவும் வேண்டாம்.

எரித்திரியாவிலிருந்து வந்த ஹப்தோம் தன் மனுவில் கையெழுத்துப் போட மறுத்தார்.

"நான் அழுதப்ப அந்த நீதிபதிதான் எழுந்து வந்து தண்ணி குடுத்தார், மேடம். அவர் பண்ணது தப்புன்னு எப்படி எழுதுவேன்?"

"தண்ணி குடுத்தவர், சாட்சியா நாம குடுத்த டாக்டர் கடிதத்தப் படிக்கவே இல்லையே. இன்னைக்குத்தான் கடைசி நாள், போடுங்க," என்று மோரீன் எரிந்து விழுந்தாள்.

போட்டார். கையெழுத்துக்குக் கீழே ஒரு வரியும் சேர்த்தார்: 'தண்ணீருக்கு நன்றி, ஐயா.'

சட்டத்துக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. சிவப்புப் பேனாவைத் திறந்த மோரீனுக்கு, முதல்முறையாக, வெட்ட மனம் வரவில்லை.