வெள்ளைப் பூ வந்த வெள்ளிக்கிழமை

என் கணவர் இறந்தது தீபாவளி முடிந்த மறுவாரம். விருதுநகரில் ஓர் அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் சட்டையை மாட்டும்போது, "நெஞ்சக் கரிக்குது, ஒரு சோடா வாங்கிட்டு வா" என்றார். நான் சோடாவோடு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

என் பெயர் பாண்டியம்மாள். ஊர் நாரணாபுரம். பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டதால், நான் சொல்லச் சொல்ல என் மகள் செல்விதான் இதை எழுதுகிறாள். வேகமாகச் சொல்கிறேன் என்று என்னைத் திட்டுகிறாள். எப்படி மெதுவாகச் சொல்வது? அம்மன் எனக்குச் செய்ததை நினைத்தாலே என் வாய் நிற்க மாட்டேன் என்கிறது.

அவர் போன பிறகு குடும்ப நல நிதி என்று கொடுத்தார்கள். பழைய கடனுக்கும் காரியச் செலவுக்கும் அது சரியாகப் போயிற்று. "கருணை அடிப்படையில் உங்கள் வீட்டில் ஒருவருக்கு வேலை உண்டு, மனுக் கொடுங்கள்" என்றும் சொன்னார்கள். செல்வி அப்போது பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். மகன் ஏழாம் வகுப்பு. துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். அப்பன் வேலை மகனுக்குத்தான், அவன் வளரட்டும் என்றார்கள். மல்லாங்கிணற்றில் இருக்கும் என் கணவரின் அண்ணன்தான் முதலில் ஆரம்பித்தார். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். நானும் தலையை ஆட்டினேன். வேலையைப் பானைக்குள் போட்டு மூடிவைத்தால், பையன் மீசை முளைத்ததும் வந்து திறந்து எடுத்துக்கொள்வான் என்று எங்களுக்கெல்லாம் ஒரு நினைப்பு.

செல்வி படிப்பை முடித்தாள். எங்கெங்கோ எழுதிப் போட்டாள், ஒன்றும் அமையவில்லை. கடைசியில் சீசன் நேரத்தில் என்னோடு கம்பெனிக்கே வந்து உட்கார்ந்தாள். ஒருநாள் மதியம் எங்கேயோ வெடிச்சத்தம் கேட்டது. நாங்கள் எல்லாரும் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடினோம். எங்கள் கம்பெனியில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஓடி வந்து திரும்பிப் பார்த்தால் செல்வியைக் காணோம். வேலி ஓரமாக ஒரு வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை இனிமேல் வெடிமருந்துப் பக்கம் வரவே கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

மறுநாளே விருதுநகருக்கு பஸ் ஏறினேன். "என் மகனுக்கு உள்ள வேலை பத்திரமா இருக்கா?" என்று கேட்டேன். அவர் ஆபீஸில் இருந்த ஓர் அம்மா தலையில் கைவைத்தார்.

"எறந்த மூணு வருஷத்துக்குள்ள மனுக் குடுக்கணும்மா. ஒங்க பையன் பெரியவனாகுற வரைக்கும் யாரும் காத்திருக்க மாட்டாக. மக டிகிரி முடிச்சிருக்கால்ல? அவளுக்குக் கேளுங்க, சீக்கிரம்."

மூன்றாவது வருஷம் பாதிக்கு மேல் போய்விட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மனுவோடு வாரிசுகள் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். என் மாமியாரும் ஒரு வாரிசு. அத்தை இருப்பது அத்தான் வீட்டில். அத்தான் சொல்லாமல் அத்தை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மல்லாங்கிணற்றுக்குப் போய்க் கெஞ்சினேன்.

"பொட்டப்பிள்ளைக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு அவ மாமியா வீட்டுக்குல்ல வேலை போயிரும்? தம்பி வேலை தம்பி வீட்லதான் இருக்கணும்" என்றார் அத்தான்.

"வருசம் தாண்டுனா யாருக்குமே கெடையாதுங்காக, அத்தான்."

"ஆபீஸ்ல அப்படித்தான் வெரட்டுவாக. எங்கிட்ட ஆள் இருக்கு, பாத்துக்கிடலாம்."

அந்த ஆள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் விடாமல் நச்சரித்ததில் கடைசியாக அவரே ஒரு வழி சொன்னார். அம்மனிடம் பூக்கேட்போம் என்றார். எங்கள் தெருக் காளியம்மன் கோயிலில் அந்தப் பழக்கம் உண்டு. சிவப்புப் பூவை ஓர் இலையிலும் வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் பொட்டலமாகக் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, ஒரு சின்னப்பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். "செவப்பு வந்தா செல்விக்கு. வெள்ளை வந்தா பையனுக்கு. அதுக்கு மேல பேச்சில்ல" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மன் என்னைக் கைவிடுவாளா? வெள்ளிக்கிழமை வரை ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தேன். செல்விக்கு ஆபீஸுக்குக் கட்ட எந்தச் சேலை என்றுகூட யோசித்துவிட்டேன்.

பூசாரியின் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

"ஆத்தா சொல்லிட்டா" என்று அத்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு முதலில் கண்ணை இருட்டியது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கோபம்! கோயிலில் நான் குரலை உயர்த்தியதே கிடையாது. அன்றைக்குக் கத்தினேன்.

"ஏன்டி ஆத்தா, ஒனக்குமா பொட்டப்பிள்ள ஆகாது? நீ மட்டும் என்ன ஆம்பளையா? எம்மக மருந்துல கெடந்து கருகட்டும்னு சொல்றியா? இனிமே ஒன் வாசல்ல கால் வைக்க மாட்டேன்."

பூசாரி பயந்துபோய்த் திருநீறு பூச வந்தார். கையைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். அத்தை தூணோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மகனோடு பஸ் ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் விளக்குக்கூட ஏற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனசு கேட்கவில்லை. அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். "கோபத்துல பேசிட்டேன், மன்னிச்சிக்கோ. ஆனா கேட்டது கேட்டதுதான். எம்பிள்ளைக்கு வழி விடு" என்றேன். அதுதான் என் பிரார்த்தனை. வேறு மந்திரம் எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறக்கிறேன், வாசலில் அத்தை! தனியாக எங்கும் போயறியாதவர், விசாரித்து விசாரித்து பஸ் மாறி வந்திருக்கிறார்.

"ஏத்தா, எங்கன கைநாட்டு வைக்கணும்? கூட்டிட்டுப் போ."

"அத்தை, வெள்ளைப் பூல்ல வந்துச்சு?" என்றேன்.

"வெள்ளைன்னா பையனுக்குன்னு யாரு சொன்னா? எம்மவன் சொன்னான். ஆத்தாளா சொன்னா? நீ அன்னைக்கு நின்னு கேட்டியே ஒரு கேள்வி, அது ஆத்தாளுக்குக் கேட்ட மாதிரி இல்ல, எனக்குக் கேட்ட மாதிரி இருந்துச்சு. நானும் பொட்டப்பிள்ளையாத்தான பொறந்தேன்? அன்னையில இருந்து சோறு எறங்கல."

அப்படியே அவர் காலில் விழுந்தேன். எந்த வாசலில் கால் வைக்க மாட்டேன் என்றேனோ, அந்த வாசலுக்கு முதல் ஆளாக ஓடினேன். அத்தான் போன் போட்டுக் குதித்தார். அத்தை போனை வாங்கி, "ஏலே, கை எங்கையி. நான் எங்க வேணாலும் வைப்பேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கெடு முடிவதற்கு முன்னாலேயே மனுவைக் கொடுத்துவிட்டோம்.

அதற்கப்புறம் காத்திருப்பு, அலைச்சல், அந்தச் சான்றிதழ், இந்தச் சான்றிதழ். ஆனால் பயம் மட்டும் வரவே இல்லை. போன மாசியில் ஒருநாள் கம்பெனி வாட்ச்மேன் வந்து, மகள் கேட்டில் நிற்கிறாள் என்றார். உள்ளே செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆள் தேடி வந்தாலே ஏதோ கெட்ட சேதி என்றுதான் எங்களுக்குத் தோன்றும். ஓடினேன். செல்வி சிரிக்கிறாள், அழுகிறாள். "ஆர்டர் வந்துருச்சும்மா!" இளநிலை உதவியாளர்! நம் மாவட்டத்திலேயே! அவளை அப்படியே தூக்கிச் சுற்றினேன். எனக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ தெரியாது. பேக்கிங்கில் இருந்த பெண்கள் எல்லாரும் கேட்டுக்கு வந்து குலவை போட்டார்கள்.

இன்று அத்தை எங்களோடுதான் இருக்கிறார். வீதியில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "எம்பேத்தி ஆபீஸ்ல பேனா பிடிக்கா" என்கிறார். அத்தானோ, பூக்கேட்கச் சொன்னதே தான்தான் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். செல்வி சம்பளத்தில் முதல் வேட்டி அவருக்குத்தான் எடுத்தாள்.

கணவரைப் பறிகொடுத்து நிற்கும் சகோதரிகளே, மகன் வளரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். இன்றைக்கே ஆபீஸில் போய் விசாரியுங்கள். அப்படியே அம்மனிடமும் போங்கள். அழுகை வந்தால் அழுகையோடு போங்கள், கோபம் வந்தால் கோபத்தோடு போங்கள். அவள் தாய், தாங்கிக்கொள்வாள்.

இந்தப் பங்குனியில் அம்மன் கோயில் பொங்கல் திருவிழாவுக்கு நான் அக்கினிச்சட்டி எடுத்தேன். செல்வி வேப்பிலையோடு பக்கத்தில் நடந்து வந்தாள். கூட்டத்தில் என்னோடு சட்டி ஏந்தி வந்த ஒரு பெண், "என்ன நேத்திக்கடன்க்கா?" என்று கேட்டாள்.

"ஆத்தாகூடச் சண்டை போட்டேன்த்தா" என்றேன். "அவ என்னைய ஜெயிக்க விட்டுட்டா."