மஞ்சள் பூசிய சோலார் தகடு

நல்லம்பள்ளி தாண்டி ஒரு தக்காளித் தோட்டம். நேற்று பாப்பாரப்பட்டியில் ஒரு மல்பெரித் தோட்டத்தில் நாங்கள் மாட்டிய சோலார் பம்பு உடனே தண்ணீர் இறைத்தது. இன்று கிணற்றுக்குள் இறங்கிப் பம்பைப் பொருத்திவிட்டு, மேலே வந்து சுவிட்சைப் போடுகிறேன். உச்சி வெயிலிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊரில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. செடிகள் தலை தொங்கி நிற்கின்றன. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று சிரிக்கிறார்.

"வெயிலு தண்ணிய குடிக்கும், குடுக்குமாங்க?"

ஸ்டாண்டில் ஏறிப் பார்க்கிறேன். தகடு முழுக்க, விளிம்புகூட விடாமல், மஞ்சள் அப்பியிருக்கிறது.

"நீங்க கிணத்துக்குள்ள இருக்கையில பூசுனேன். புது ஆயில் இஞ்சினுக்கும் இப்படித்தாங்க பூசுனோம்" என்கிறார் தோட்டக்காரி மாதம்மாள்.

"ஸ்டாண்டு காலுக்குப் பூசுங்கம்மா. தகட்டுல வெயில் படணும்."

அவரே மேலே ஏறி, குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை அப்படியே தகட்டில் ஊற்றி, முந்தானையால் அழுத்தித் துடைக்கிறார். முடிப்பதற்குள் குழாய் இருமுகிறது. முதலில் காற்று, பிறகு காற்றும் தண்ணீரும், பிறகு தண்ணீர் மட்டுமே. அது வாய்க்காலில் ஓடி, சிரித்தவரின் காலை நனைக்கிறது.

மாதம்மாள் இறங்கி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவரிடம் மண்வெட்டியை நீட்டுகிறார்.

"சிரிச்சது போதுங்க மாமா. வந்து மடையத் திருப்புங்க."