மாமாவின் போட் ஒயில் குடித்த கதை

பிள்ளைகளே, றோட்டில் ஓடும் எங்கள் பழைய டீசல் வானுக்கும் களப்பில் ஓடும் உங்கள் மாமாவின் பழைய டீசல் போட்டுக்கும் ஒரே கானிலிருந்துதான் ஒயில் ஊற்றுகிறோம் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பெரிய கானாக வாங்கினால் லீற்றர் மலிவு. அதற்காகத்தான் நானும் மாமாவும் பங்குக்கு வாங்குகிறோம். ஆனால் எதை வாங்குவது என்று நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாட்டை உங்களுக்குச் சொன்னதில்லை.

உங்கள் மாமா எதையும் மணந்து பார்த்துத்தான் வாங்குவார். மீனை மணப்பது சரி. முல்லைத்தீவுக் கடையில் நின்று ஒயில் கானையும் மூடி திறக்கச் சொல்லி மணப்பார். கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லியே விட்டார்.

"அண்ணை, செவுளையும் ஒருக்காத் தூக்கிப் பாருங்கோவன்."

மாமா அசையவில்லை. ஒரு துளியை விரலில் எடுத்துத் தேய்த்தார். "இது தண்ணி. இதைவிடத் தடிப்பா ஒண்டு தாரும்" என்றார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சாமான் விலையெல்லாம் ஏறிக் கிடந்த காலம் அது. அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய எஞ்சின் ஒயில் குடிக்கத் தொடங்கியிருந்தது. மீன்பிடித் தொழிலுக்குப் போக முன்னர், ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்ப்பார். குறைந்திருக்கும். ஊற்றுவார். அடுத்த முறையும் குறைந்திருக்கும். மறுபடி ஊற்றுவார். போட் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு போகும். "நுளம்புக்குப் புகை அடிக்கவோ போறியள்?" என்று கரையில் நிற்பவர்கள் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

மலிவு ஒயில்தான் காரணம் என்று நினைத்துத் தடிப்பான ஒயில் வாங்கினார். பிறகு கடையிலேயே விலை கூடியதை வாங்கினார். எஞ்சின் அதையும் குடித்தது. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். அந்தோனியார் காணாமல் போனதைத் தேடித் தருவார்தான். ஆனால் ஒயில் எங்கே போகிறது என்று அவரும் சொல்லவில்லை.

கடைசியில் ஒருநாள் மாமா என்னிடம் சொன்னார். "மச்சான், இனி ஏலாது. எஞ்சினை இரும்புக்குக் குடுத்திட்டு அடுத்தவன்ர போட்டில கூலிக்குப் போறன்." பல போட் வைத்திருக்கும் சம்மாட்டி ஒருவர் ஏற்கெனவே அவரைக் கேட்டிருந்தாராம். மாமா என் முகத்தைப் பார்க்காமல்தான் அதைச் சொன்னார். சொந்தப் போட்டில் போய் வந்தவர் அவர்.

எனக்கு எஞ்சின் படிப்பு ஒன்றும் கிடையாது. எங்கள் வானைத் திருத்தும் கராஜ்காரர் எனக்குச் சொல்லித் தந்ததை அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், பிறகு உதவும். கானில் டீசல் எஞ்சினுக்கு என்று எழுதியிருக்க வேண்டும். பதினைந்து, நாற்பது என்ற எண்கள் போட்ட சாதாரண ஒயில் எங்கள் ஊர் வெக்கைக்கும் பழைய எஞ்சினுக்கும் போதும். புதுக் கார்களுக்கு வரும் மெல்லிய, விலை கூடிய ஒயில் தேவையில்லை. சீல் உடையாத கானாகப் பார்த்து வாங்க வேண்டும். விலை கூடியதை ஊற்றிவிட்டு மாற்றாமல் இழுத்தடிப்பதைவிட, நடுத்தர விலையில் வாங்கி நேரத்துக்கு மாற்றுவது நல்லது.

மாமா எல்லாம் கேட்டார். "உன்ர வான் றோட்டில ஓடுது. றோட்டில உப்பிருக்கோ?" என்றார். எப்படியோ இதுதான் கடைசிக் கான் என்ற பேச்சோடு வாங்க வைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து ஒயில் மாற்றக் கரைக்குப் போனோம். போட் வழக்கம்போல முன்பக்கத்தை மணலில் ஏற்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மாமா கம்பியை இழுத்தார். நுனியில் மட்டும் ஒயில்.

"பாத்தியோ? நேற்றுத்தான் ஊத்தினனான்!"

அந்த நேரம் உங்கள் அம்மா தேத்தண்ணியோடு வந்து போட்டில் ஏறினா. கோப்பையை எஞ்சின் பெட்டிக்கு மேல் வைத்தா. தேத்தண்ணி ஒரு பக்கமாக ஒதுங்கி, பின்பக்க விளிம்பில் வழியப் பார்த்தது. அம்மா கோப்பையைப் பார்த்தா. பிறகு தன் அண்ணனைப் பார்த்தா.

"அண்ணை, எப்பவும் போட்டை இப்பிடி ஏத்தி வைச்சுக்கொண்டோ ஒயில் பாக்கிறனீங்கள்?"

"பின்னை? போட் கட்டுற கட்டை முறிஞ்சதிலயிருந்து இப்பிடித்தான். ஏத்தாமல் விட்டால் போட் தன்ர பாட்டில போயிடுமெல்லோ."

"அப்ப ஒயிலும் இந்தத் தேத்தண்ணி மாதிரிப் பின்னுக்கு ஒதுங்காதோ?"

நானும் மாமாவும் குனிந்து கம்பி இருந்த இடத்தைப் பார்த்தோம். கம்பி இருப்பது எஞ்சினின் முன்பக்கத்தில். ஒயில் எல்லாம் பின்பக்கத்தில் போய்க் கிடந்திருக்கிறது.

போட்டைத் தள்ளி முழங்கால் தண்ணீரில் மட்டமாக நிறுத்தினோம். ஒயில் மட்டத்துக்கு வரக் கொஞ்ச நேரம் விட்டு மாமா மறுபடி கம்பியை இழுத்தார். கம்பியில் போட்டிருந்த மேல் அளவுக்கோட்டையும் தாண்டி எங்கேயோ நின்றது ஒயில். மிதமிஞ்சிப் போனதைத்தான் எஞ்சின் புகையாக எரித்துத் தள்ளியிருக்கிறது.

"மச்சான், அது குடிக்கேல்லை. நாங்கள்தான் பருக்கினனாங்கள்" என்றேன்.

"நாங்கள் எண்டு ஏன் சொல்லுறியள்? அண்ணைதான்" என்றா அம்மா.

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய ஒயிலைக் களப்பில் விடாமல் கானில் வடித்தோம். புதியதைக் கோட்டளவு பார்த்து ஊற்றினோம். எஞ்சினை இயக்கியபோது முதலில் கொஞ்சம் நீலமாகப் புகைத்தது. பிறகு புகை மெலிந்து நின்றுவிட்டது. அதன்பின் அவர் தண்ணீரில் மட்டமாக வைத்துப் பார்த்த போதெல்லாம் ஒயில் கோட்டை விட்டு இறங்கவில்லை.

அந்தக் கிழமையே சம்மாட்டி கரைக்கு வந்தார். வலை ஏற்றிக்கொண்டிருந்த மாமாவிடம், "என்ன, எண்டைக்கு எங்கட போட்டுக்கு வாறியள்?" என்று கேட்டார்.

"நான் வரேல்லை. என்ர போட்டுக்குத்தான் ஒரு ஆள் வேணும். நீர் வாறீரோ?" என்றார் மாமா. சம்மாட்டி வாயைத் திறக்க முன்னர் எஞ்சினை இயக்கிவிட்டார்.