கீறல் முட்டை இனி வேண்டாம்

முதல் வலி வந்தபோது முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நெஞ்சு இறுகியது, இடது தோள் கனத்தது. வாயுப் பிடிப்பு என்று நானே முடிவு செய்து சோடா வாங்கிக் குடித்தேன். இதைப் படிக்கிற உங்களில் பலரும் அதையேதான் செய்திருப்பீர்கள். இனிமேல் செய்யாதீர்கள்.

வலி மறுபடி வந்ததும் சேலத்து மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் (மருந்து செலுத்தி இதய ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சோதனை) செய்தார்கள். ஒரு குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் கம்பிவலை) வைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் கேட்டார்.

"தினமும் என்னம்மா சாப்பிடுவீங்க?"

"முட்டைங்க. நாமக்கல் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணைங்க. கரண்டி முட்டைதான் போடுவேன்."

குழிக் கரண்டியில் எண்ணெயை ஊற்றி, அது காய்ந்ததும் முட்டையை உடைத்து விடுவதைக் கையால் செய்து காட்டினேன். எண்ணெயின் அளவைப் பார்த்து அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முட்டைய நிறுத்தச் சொல்லலம்மா. நீங்க ஒரு நாளைக்கு ஒண்ணு சாப்பிடலாம். எண்ணெயத்தான் குறைக்கணும். வேகவெச்சுச் சாப்பிடுங்க."

அவருக்கு எங்கள் வீட்டு நியாயம் தெரியாது. நல்ல முட்டை லாரிக்கு, கீறல் விழுந்தது அடுப்படிக்கு. கீறல் முட்டையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வெள்ளை நுரைத்து வெளியே வந்துவிடும். அதனால் கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் தின்ற முட்டையெல்லாம் எண்ணெயில் வெந்ததுதான். பண்ணைக்காரி வீட்டில் முட்டைக்கு என்ன பஞ்சம் என்பார்கள். முழு முட்டைக்குத்தான் பஞ்சம்.

ஊர் திரும்பியதும் பழப் பையோடு உறவு வந்தது. சங்ககிரியிலிருந்து வந்த கணவரின் அக்கா உட்காரும் முன்பே தீர்ப்புச் சொன்னார்.

"இனி முட்டையக் கண்ணுலயே காட்டக் கூடாது அம்மணி. கஞ்சியக் குடிச்சுட்டுக் கம்முனு கெட."

கணவரும் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்திக்கு நோய் வந்தால் அவள் வாய்க்குப் பூட்டுப் போடும் உரிமை ஊருக்கே வந்துவிடுமா? பிழைத்து வந்தது கஞ்சிக்காகவா?

மறுநாள் காலை, லாரிக்கு அடுக்கி வைத்திருந்த மேல் அட்டையிலிருந்து ஒரு முழு முட்டையை எடுத்தேன்.

"அம்மணி, அது லோடு முட்டை. ஒடைசல் கூடையில கெடக்குது பாரு" என்றார் கணவர்.

"பாத்தேனுங்க. அது கொதிதண்ணியில நிக்காது."

"அட்டையில குழி காலியா இருந்தா லோடுக்காரனுக்கு என்ன சொல்றது?"

"கோழி எனக்கும் சேத்துத்தான் போடுதுன்னு சொல்லுங்க."

நான் முட்டையைத் திருப்பி வைக்கவில்லை.

கீறல் முட்டையை வீணாக்கவும் மனம் வராது. இட்லித் தட்டில் விரல் நுனியால் எண்ணெய் தடவி, வெங்காயமும் மிளகும் சேர்த்து உடைத்து ஊற்றி, நன்றாக வேகும்வரை ஆவியில் வைக்கிறேன். கணவருக்கு அதுதான். "மருந்து திங்கற மாதிரி இருக்குது" என்றார் முதல் நாள். "மருந்துதானுங்க, தின்னுங்க" என்றேன். இப்போது கேட்டு வாங்குகிறார். தாளிக்கவும் தேக்கரண்டிதான், எண்ணெய்க் கேனை அடுப்பருகே வைப்பதே இல்லை. அந்தக் குழிக் கரண்டி கோழித் தீவனம் அள்ள மூட்டைக்குப் போய்விட்டது.

முன்பு லாரி ஹாரன் கேட்டால் சோற்றுக் கையோடு ஓடுவேன். எத்தனை வருடம் அந்தச் சத்தத்துக்கு ஓடியிருக்கிறேன் என்று இந்த நெஞ்சுக்குத்தான் தெரியும். இப்போது அது துடிப்பதைக் கவனித்தபடி, முட்டை வேகும்வரை அடுப்பருகே நிற்கிறேன்.

இன்றும் ஹாரன் அடித்தது. வாசலில் ஓட்டுநர் கேட்பது காதில் விழுந்தது.

"ஏனுங்க, மேல் அட்டையில ஒண்ணு கொறையுதுங்களே?"

"அது எங்கூட்டு அம்மணியோடது" என்றார் கணவர். "தின்னுட்டு வருவா. செத்த நேரம் நில்லு."

லாரி நின்றது. நான் அவசரப்படாமல் ஓட்டை உரித்தேன்.